மேகம் இருக்கும்போதே விதைக்க வேண்டும்

பருவமழை பொய்த்து, அணைகள் தரை தெரிய வற்றிய பிறகுதான் நம் மாநில அரசுகளுக்கு மேக விதைப்பு எனும் செயற்கை மழை முயற்சி நினைவுக்கு வருகிறது. 2019 மே மாதத்தில் மகாராஷ்டிர அமைச்சரவை இதற்காக 30 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அவுரங்காபாத்திலிருந்து விமானம் கிளம்பியபோது ஆகஸ்ட் வந்துவிட்டது. பருவத்தில் பாதி கழிந்திருந்தது. 2017-இல் கர்நாடகம் ‘வர்ஷதாரி’ திட்டத்தைத் தொடங்கியதும் ஆகஸ்ட் பிற்பகுதியில்தான். இந்தப் போக்கு மாற வேண்டும். மேக விதைப்பை வறட்சி நிவாரணமாகக் கருதுவதே அடிப்படைத் தவறு.

விதைப்பு மேகத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே ஈரத்தோடு திரண்டு எழும் மேகத்தில், நுண்துளிகள் மழைத்துளியாகப் பருக்க அது உதவுகிறது. வெப்ப மேகங்களின் அடிப்பகுதியில் தூவப்படும் கால்சியம் குளோரைடு போன்ற உப்புகள் ஈரத்தை ஈர்த்துத் துளிகளைப் பெரிதாக்குகின்றன. உறைநிலைக்குக் கீழேயும் நீராகவே மிதக்கும் துளிகளைக் கொண்ட குளிர் மேகங்களில், சில்வர் அயோடைடு பனிப்படிகம் உருவாகக் கருவாக அமைகிறது. வறண்ட வானத்தில் இரண்டாலும் பயனில்லை. காற்று மாசைக் குறைப்பதற்காக 2025 அக்டோபர் 28 அன்று ஐஐடி கான்பூர் குழு டெல்லியின் மேல் விதைத்தது. மேகங்களில் ஈரம் போதாததால், சொல்லும்படியான மழை பெய்யவில்லை.

அதற்காக இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்குவதும் நியாயமல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில், புணேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 பருவமழைக் காலங்களில் 276 மேகங்களை ஆராய்ந்தது. எந்த மேகத்தில் விதைப்பது, எதை விட்டுவிடுவது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழை 18 சதவீதம் கூடியதாக 2023-இல் வெளியான முடிவுகள் கூறின. அதே ஆய்வாளர்கள், இதனால் மட்டும் வறட்சி தீராது என்றும் தெளிவாகச் சொன்னார்கள்.

இஸ்ரேலின் அனுபவம் இன்னும் பெரிய எச்சரிக்கை. 1960-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் விதைத்த அந்த நாடு, 2013 முதல் 2020 வரை மீண்டும் கறாராகச் சோதித்துப் பார்த்தது. கிடைத்த கூடுதல் மழை 1.8 சதவீதம், அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவு. நீண்ட காலப் பெருமையைப் பொருட்படுத்தாமல் இஸ்ரேல் அத்திட்டத்தை நிறுத்தியது.

செலவையும் பார்க்க வேண்டும். சோலாப்பூர் ஆய்வில் ஒரு லிட்டருக்கு 18 பைசா ஆனது. அதாவது 1,000 லிட்டருக்கு 180 ரூபாய். மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 1,000 லிட்டர் 48.66 ரூபாய்க்கு வாங்க 2005-இல் சென்னைக் குடிநீர் வாரியம் ஒப்பந்தம் செய்தது. உள்நாட்டு விமானங்களைப் பயன்படுத்தினால் விதைப்புச் செலவு பாதிக்கும் கீழே வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் ஆலையின் நீர் குழாயில் வருகிறது. விதைத்த மழை எங்கே விழும் என்பது காற்றின் கையில்.

அதே சோலாப்பூர் சர்க்கரை ஆலைகள் நிறைந்த மாவட்டம். உஜனி அணையின் நீர் கரும்புத் தோட்டங்களுக்குப் பாய்ந்துகொண்டிருக்க, வானத்திலிருந்து 18 சதவீதத்தைத் தேடுவது முறையான நீர்க் கொள்கை ஆகாது.

எனவே மேக விதைப்புக்குப் பணம் ஒதுக்கும் எந்த மாநிலமும் மூன்று நிபந்தனைகளை ஏற்க வேண்டும். பருவத்தின் தொடக்கத்திலேயே, அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கு மேல் விதைக்க வேண்டும். தகுதியான மேகங்களில் ஒரு பகுதியை விதைக்காமல் விட்டு ஒப்பிட வேண்டும். மதிப்பீட்டை ஒப்பந்ததாரர் அல்லாத நிறுவனம் செய்ய வேண்டும். இவை தவிர, வறட்சி நிவாரண நிதியை இதற்குத் தொடக்கூடாது. அது தூர்வாரவும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் செல்லட்டும்.

முதல் வேலையாக, மகாராஷ்டிரமும் கர்நாடகமும் இதுவரை நடத்திய விதைப்புகளின் ரேடார் பதிவுகள், மழையளவுகள், செலவுக் கணக்குகள் அனைத்தையும் அடுத்த தென்மேற்குப் பருவத்துக்கு முன் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.