வேகத்திற்கு ஒரு களம்

வேகத்தை விரும்புதல் வாலிபப் பருவத்தின் இயல்பு. அதனை நிந்திப்போர் அநேகர் உளர். அடியோடு அகற்ற வல்லவர் ஒருவரும் இலர். நம் பாட்டனார் காலத்தில் குதிரையிலும் வில்வண்டியிலும் வெளிப்பட்ட அவ்வேட்கை, இந்நாளில் எஞ்சின் பூட்டிய ஊர்திகளில் வெளிப்படுகின்றது. ஆகவே வேகம் நன்றா தீதா என்று வழக்கிடுவதில் பிரயோஜனம் இல்லை. அதனைச் செலுத்துதற்குரிய இடம் யாது, கற்பித்தற்குரிய முறை யாது என்று வினவுவதே தக்கது. மோட்டார்ப் பந்தயம் என்னும் விளையாட்டின் கீழ்ப்படிகளில், அதாவது கோ-கார்ட் என்னும் சிறு வண்டியிலும் மண்தளத்தில் ஓடும் சிறு கார்களிலும், இவ்விரு வினாக்களுக்கும் விடை உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

திண்டுக்கல்லைச் சேர்ந்த நாகல் நகரை நம் வாசகர் பலரும் அறிவர். சௌராஷ்டிர நெசவாளர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. தறியோசை கேட்ட தெருக்களில் இன்று மோட்டார் சைக்கிளின் உறுமலும் சேர்ந்து கேட்கின்றது. நகரை விட்டுச் சற்றே வெளியே சென்றால், கரூரிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் நால்வழிச் சாலை அகன்று நீண்டு கிடக்கின்றது. இத்தகைய சாலையில் ஆளொழிந்த வேளை பார்த்து, இருவர் மூவராய் வண்டியை முடுக்கிப் பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டின் எந்நகருக்கும் புதிதன்று. ஆனால் அச்சாலை அவ்விளைஞர்க்கு மட்டும் உரியதா? சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்வோரும், வேலை முடிந்து மிதிவண்டியில் வீடு திரும்புவோரும், பாதையைக் கடக்கும் முதியோரும் அப்பந்தயத்திற்கு உடன்பட்டவர் அல்லர். எனினும் அதன் விலையை அவர்களும் கொடுக்க நேர்கின்றது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். மாண்டோருள் நூற்றுக்கு எழுபதின் மேற்பட்டோரது சாவுக்கு அதிவேகமே காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது. இதனைக் கண்டும், 'வேகமாய்ப் போகாதே' என்னும் ஒரே உபதேசத்தோடு நாம் அமைதல் போதுமா?

உபதேசத்தோடு அமையாத வழி ஒன்றை நம் கிராமத்தார் நெடுநாளாய் அறிவர். இப்பக்கங்களில் நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயத்தை நோக்குக. ஊரார் கூடி நாள் குறிக்கின்றனர். ஓடும் வழியை ஒதுக்குகின்றனர். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து, ஒத்தவற்றை ஒத்தவற்றோடு ஓடவிடுகின்றனர். அப்பந்தயங்களை 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டம் மீண்டும் இடங்கொடுத்தது. 2023-இல் அச்சட்டம் செல்லும் என்று அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் எவர் பக்கம் நிற்பவரும் ஒன்றை மறுக்க இயலாது: இடமும் விதியும் வகுத்த பின்னரே பந்தயம் விளையாட்டாகின்றது. எஞ்சின் பூட்டிய வண்டிக்கு நாம் கேட்பதும் இவ்வளவே.

கோ-கார்ட்டின் வரலாறு எளிமையானது. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் யந்திரத்திற்குரிய சிறு எஞ்சின் ஒன்றை இரும்புக்குழாய்ச் சட்டத்தில் பொருத்தி முதல் வண்டியைச் செய்தார். அவர் வேலை பார்த்தது கர்ட்டிஸ் கிராஃப்ட் என்னும் பந்தயக் கார்ப் பட்டறையில். மண்தளங்களில் ஓடும் 'மிட்ஜெட்' என்னும் குள்ளக் கார்களைக் கட்டியதால் பெயர் பெற்றது அப்பட்டறை. எனவே கோ-கார்ட்டையும் மண்தளக் காரையும் உறவினர் என்று கூறுதல் தகும்.

அவ்வண்டியில் ஸ்பிரிங் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுழல்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் மிகுந்த தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் செல்லவேண்டியிருத்தலால், உட்சக்கரம் தரையினின்று சிறிது எழும்பினாலன்றி வண்டி இலகுவாய்த் திரும்பாது. ஸ்டீயரிங்கைத் திருப்புங்கால் முன்சக்கரங்களின் அமைப்பு அவ்வுட்சக்கரத்தைத் தூக்குகின்றது. சட்டத்தின் வளைவும் ஓட்டுவோரது உடற்பாரமும் அதற்குத் துணை புரிகின்றன. பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இதனினும் நல்ல பாடம் எது? வளைவினுள் பாய்ந்து புகுபவன் சறுக்கிப் பின்தங்குகிறான். முன்னரே நேர்க்கோட்டில் பிரேக் இட்டு, பொறுத்திருந்து, வெளியேறும்போது முடுக்குபவன் முந்துகிறான். பொறுமையின் பயனை இவ்விளையாட்டு கடிகாரத்தைக் கொண்டு நிரூபிக்கின்றது. வயதுக்கேற்ற படிகளும் உண்டு. பல நாடுகளில் நடைபெறும் ரோட்டாக்ஸ் மாக்ஸ் போட்டியில், 125 சி.சி. எஞ்சினின் ஆற்றலைச் சிறுவர்க்கு மட்டுப்படுத்தி, வயது ஏற ஏற அதிகமாக்குவர்.

மண்தளம் கற்பிப்பது வேறொரு பாடம். இறுகிய தாரின்மேல் மிகுந்த வேகத்தில் நேரும் சறுக்கல், தளர்ந்த மண்ணின்மேல் குறைந்த வேகத்திலேயே நேர்ந்துவிடும். பின்புறம் விலகும் காரை எதிர்த்திசையில் ஸ்டீயரிங் பிடித்து நேராக்கும் வித்தையை, அதிகச் சேதமின்றி அங்கே நூறுமுறை பழகலாம். அமெரிக்காவின் கைல் லார்சன் சிறுவயதில் கோ-கார்ட்டில் தொடங்கி, மிட்ஜெட் முதலிய மண்தளக் கார்களில் தேறி, 2021-இல் நாஸ்கார் கோப்பைச் சாம்பியன் ஆனார். நம் நாட்டிலும் ஆட்டோகிராஸ் என்னும் மண்தளப் போட்டி உண்டு. குறியிட்ட வெளியில் வண்டிகளைச் சுற்றவிட்டு, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு வெற்றி தீர்மானிப்பர். அதற்குக் கோடி ரூபாய்த் தளம் வேண்டுவதில்லை.

இப்படிகளில் ஏறி உலகறிய நின்ற தமிழரும் உளர். சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திற்று. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தளம் அமைந்தது. 1980-களின் பிற்பகுதியில் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் ஒரு காரியம் செய்தார். வெளிநாட்டுப் பந்தயக் கார்களுக்கு ஏங்கியிராமல், வீதியில் ஓடும் மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, 'ஃபார்முலா மாருதி' என்னும் பிரிவுக்கு வழி வகுத்தார். 1977-இல் பிறந்து கோவையில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் தம் முதற்பந்தயத்தை ஓடியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். பிறகு பிரான்சில் பந்தயப் பள்ளியில் பயின்று, 1996-இல் ஃபார்முலா ஆசியாப் பட்டம் வென்று, 2005-இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு அமெரிக்காவில், ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில், நான்காம் இடமும் பெற்றார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2000-இல் ஃபார்முலா மாருதிப் பட்டமும், 2001-இல் ஃபார்முலா ஆசியாப் பட்டமும் வென்று, 2010-இல் அதே உச்சியை எட்டினார். கரிவர்தன் 1995-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே, கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில் இன்றும் விளங்குகின்றது.

எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. நாராயணின் தந்தை ராலிப் பந்தய வீரர்; கருணின் தந்தையும் அவ்வாறே, பாட்டனாரோ மதராஸ் கழகத்தை நிறுவியோருள் ஒருவர். அவர்தம் திறமையை இது சிறிதும் குறைப்பதில்லை. ஆயினும் ஏணி யாருடைய முற்றத்தில் நின்றது என்பதை இது காட்டுகின்றது. நாகல் நகர் நெசவாளி மகனது கண்ணும் கையும் அவரினும் தாழ்ந்தவை என்று சொல்வார் யார்? அவனுக்கு வாய்க்காதது முதற்படி. அரசரும் செல்வரும் உச்சியைக் கட்டுதலில் காட்டும் ஆர்வத்தைப் படிகளில் காட்டுவதில்லை. டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஐந்து கிலோமீட்டர்ப் பெருந்தளம் எழுந்தது. ஃபார்முலா 1 பந்தயம் 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகள் அங்கு நடந்து நின்றுபோயிற்று. ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கரோ கொத்துவேலைக்காரர் மகன். தந்தை சிறு எஞ்சின் பொருத்திக் கொடுத்த விளையாட்டு வண்டியில் தொடங்கி, தம் ஊர்க் கோ-கார்ட் தளத்தில் வளர்ந்து, ஏழுமுறை உலகச் சாம்பியன் ஆனார். ஊருக்குள் ஒரு சிறு தளம் இருந்தது என்பதே அவர் பெற்ற பெரும் பேறு.

இதற்கு மறுப்பும் எழும். உயிருக்கு அபாயம் அன்றோ என்பர் பெற்றோர். அபாயம் உண்டு. 2023-ஆம் ஆண்டில் மட்டும் சென்னைத் தளத்தில், ஜனவரியில் அநுபவம் முதிர்ந்த கார் வீரர் ஒருவரும், ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய 13 வயதுச் சிறுவர் ஒருவரும் உயிரிழந்தனர். இதனை அற்பமென்று தள்ளுவோர் இவ்விளையாட்டுக்கு நண்பர் அல்லர். இளம்பிள்ளைகளைப் பெரிய வேகங்களில் விடுதற்கு அவசரப்படலாகாது என்பதே அதனின்று நாம் கொள்ளும் பாடம்; சிறிய எஞ்சினும் சிறிய தளமும் நீண்ட பயிற்சியும் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதும் அதனாலேயே. தளத்தில் தலைக்கவசமும் பரிசோதித்த வண்டியும் கொடி காட்டும் நடுவரும் அருகில் வைத்தியரும் உண்டு. குறுக்கே வரும் குழந்தை இல்லை. சாலையில் இவற்றுள் எதுவும் இல்லை.

படிப்பு கெடும் என்பர் வேறு சிலர். வண்டியை ஓட்டுமுன் கட்ட வேண்டும் என்று விதித்துவிட்டால் இவ்வச்சம் பெரும்பாலும் நீங்கும். 2007 முதல் நடைபெற்றுவரும் பாஹா போட்டியில், இந்தியக் கல்லூரி மாணவர் தாமே வரைந்து, வெட்டி, பற்றவைத்த வண்டிகளை மேடுபள்ளமான மண்ணில் ஓட்டிக் காட்டுகின்றனர். மின்கலத்தால் ஓடும் வண்டிக்கும் அதில் தனிப்பிரிவு உண்டு; ஆதலின் பெட்ரோல் வீண் என்னும் குறையும் தீரும். மாணவர் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டியும் கரி ஸ்பீட்வேயிலேயே நடந்துள்ளது. பழனி, பொள்ளாச்சி வழியே நமக்கு அது எட்டாத தூரமன்று.

திண்டுக்கல் சமவெளிக்கு இதற்குரிய யோக்கியதை குறைவின்றி இருக்கின்றது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, உலோகத்தை அராவிப் பொருத்தும் கைத்திறனுக்குச் சாட்சி. லேத்துப் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் வண்டி மராமத்துக்காரரும் இங்கு நிரம்ப உண்டு. மழை குறைந்த மேட்டு நிலமும் அரிதன்று. நாம் விண்ணப்பிப்பது மிகச் சிறியது: சாலையினின்று விலகிய ஒரு மண்வெளி; சுற்றிலும் பழைய டயர்களால் அமைத்த தடுப்பு; பழைய எஞ்சின் கொண்டு மாணவரும் மெக்கானிக்குகளும் சேர்ந்து கட்டிய இரண்டு மூன்று வண்டிகள்; பயிற்றுவிக்க ஒருவர்; நேரம் குறிக்க ஒருவர். இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கழகங்களின் சம்மேளனம் வகுத்த பாதுகாப்பு விதிகளைத் தொடக்கத்திலேயே கைக்கொள்ளல் வேண்டும். வாகன உரிமம் பெறும் வயதை எட்டுமுன்னரே ஓர் ஆணும் பெண்ணும் பிரேக்கின் எல்லையை அங்குக் கற்றறிவராயின், பின்னாளில் அவர் ஓட்டும் பேருந்திலும் ஆம்புலன்ஸிலும் நாமே பயன் பெறுவோம்.

அத்தளத்தினின்று மற்றொரு நாராயண் தோன்றுவாரா என்று நம்மைக் கேட்பின், தோன்றாதிருத்தலே பெரும்பான்மை என்று விடையிறுப்போம். நூறுபேர் ஓட்டினால் தொண்ணூற்றொன்பதுபேர் பொழுதுபோக்காகவே ஓட்டி, பின்பு வேறு தொழில் புகுவர். அதனால் குறையொன்றுமில்லை, கால்பந்து ஆடிய மாணவரெல்லாம் நாட்டுக்காகவா ஆடினர்? ஆனால் அந்நூறுபேரும் தம் வேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தகுந்த இடம் அடைந்திருப்பர். நாகல் நகர்த் தாய்மார் சிலர், இரவில் மகன் வரும் வண்டியோசைக்குக் காதுகொடுத்து வாசலில் நிற்கும் கவலையினின்று விடுபடுவர். கல்லூரித் தலைவரும், பழைய மாணவரும், பட்டறை நடத்தும் நகரத்தாரும் இதனைச் சிந்தித்து, வருகிற கல்வியாண்டிற்குள் ஒரு மண்வெளியையேனும் தேர்ந்து தருவார்களாக.