தறிக்குழியும் அணையும்

ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவில் ஒருவர் முகத்திலும் களை இருக்காது. தறிக்குழியில் நீர் ஊறும், பாவு நமுத்து இழையோடு இழை ஒட்டும், தெருவில் பாவு நீட்ட வழியிருக்காது. கழனி வைத்திருக்கிற சம்பந்தி வீட்டிலோ அதே மழைக்குப் பாயசம் வைப்பார்கள். பட்டும் அரிசியும் சேர்ந்ததுதானே ஆரணி. ஒரே வானத்திடம் ஆளுக்கொன்றாக வேண்டிக்கொள்கிற ஊர்.

அதனால் செண்பகத்தோப்பு அணை கழனிக்காரர் சமாச்சாரம் என்றே நெடுநாள் இருந்துவிட்டேன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் கமண்டல நதியைப் படவேட்டுக்குப் பக்கத்தில் மறித்த அணை. உயரம் 62 அடி, கொள்ளளவு 287 மில்லியன் கன அடி. 2007-ல் கட்டி முடித்தும் ஷட்டர்கள் இயங்காமல் பத்து வருஷத்துக்கு மேல் அதை நிரப்ப முடியவில்லை. படவேட்டு ரேணுகை பச்சை மணலில் குடம் வனைந்து தண்ணீர் மொண்டாள் என்பார்கள். அவள் குடம் உடைந்தது மனம் கலங்கிய ஒரே ஒரு நாள். நம்முடையது இரும்புக் கதவு போட்ட குடம்!

என் கண்ணைத் திறந்தவர் ஒரு சாயக்காரர். "ஆத்துல தண்ணி போனா கெணறு இனிக்கும் தம்பி. ஆறு காஞ்சா உப்பு ஏறும். உப்புத் தண்ணியில பட்ட அவிச்சா சவுக்காரம் நுரைக்காது, பசை முழுசாப் போகாது, சாயம் திட்டுத்திட்டா நிக்கும். கடையில தெரியாது. முகூர்த்தத்துல வீடியோக்காரன் லைட்டப் போட்டதும் காட்டிக்குடுத்துடும்" என்றார்.

அன்றுதான் உறைத்தது. மழை மலையில் பெய்துவிட்டு, தண்ணீர் மட்டும் ஆறு வழியாக நம்மிடம் வர வேண்டும், குழியும் காய்ந்திருக்க வேண்டும். நெசவாளி கேட்கிற இந்த அநியாய வரத்தைத் தரக்கூடியது அணை ஒன்றுதான். பாசனத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்குப் போடுகிறவர்கள் சாயத் தொட்டியையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். (சாயக்கழிவை அதே ஆற்றில் விட்டுவிட்டு நல்ல தண்ணீர் கேட்கிறோம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும்.)

ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற நெசவுத் தெருக்காரர்களே, அப்படியே அணைப் பக்கமும் எட்டிப் பாருங்கள். ஷட்டர் இறங்கி ஏறுகிறதா, தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று கேட்டு வந்து தெருவில் சொல்லுங்கள்.