மின்தூணை நம்பலாமா?

கனடா சென்றிருந்தபோது, உறவினர் ஒருவரின் ஆர்.வி. வாகனத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரை முகாம்திடல் ஒன்றுக்குப் போனேன். மின்தூணில் இணைத்துச் சற்று நேரத்தில் தொலைக்காட்சியும் நுண்ணலை அடுப்பும் கருகின. "சேர்ஜ் புரொடெக்டர் போட்டிருந்தேனே!" என்று தலையில் கைவைத்தார் அவர்.

தூணின் நொதுமல் கம்பி தளர்ந்திருந்ததாகப் பின்னர் அறிந்தோம். 50 அம்பியர் இணைப்பில் தலா 120 வோல்ற் கொண்ட இரு உயிர்க்கம்பிகள் உண்டு. நொதுமல் அறுந்தால் ஒரு பக்க அழுத்தம் 240ஐ நெருங்கக்கூடும். சாதாரண சேர்ஜ் புரொடெக்டரோ கணநேர மிகையழுத்தத்தை மட்டுமே விழுங்கும். கோடை நண்பகலில் எல்லோரும் குளிரூட்டியை இயக்க, அழுத்தம் தாழ்ந்து மோட்டார் சூடேறும்போதும் அது வாளாவிருக்கும்.

அழுத்தம் ஏறத்தாழ 104 வோல்ற்றுக்குக் கீழிறங்கினாலோ 132ஐத் தாண்டினாலோ மின்னைத் துண்டிக்கும் காப்புக் கருவிகள் உள்ளன. விலை அதிகம்தான், எரிந்துபோகும் பொருள்களின் விலையோடு ஒப்பிட்டால் அதிகமன்று. வாங்குங்கள் என்றே சொல்வேன்.

ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரவுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறும் உரிமையாளர், தம் தூண்களைப் பருவந்தோறும் சோதிக்கக் கடமைப்பட்டவர். பயணி தன் பணத்தில் வாங்கும் கருவி, அக்கடமையிலிருந்து அவருக்கு விடுதலை அளிக்காது.