தேருக்கு முட்டுக்கட்டை... வேனுக்கு?

வைகாசி பிரம்மோற்சவத்தில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் தேரைப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், இல்லாவிட்டால் வடம் பிடிக்கிறவர்களைப் பார்ப்பார்கள். சக்கரத்தை ஒட்டியே நடந்து, சரியான நொடியில் முட்டுக்கட்டையைச் செருகுகிற ஆட்களை யாரும் கவனிப்பதில்லை. ஊரே சேர்ந்து இழுக்கிற தேரை நிறுத்துவது அந்தச் சிலர்தான். 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பது தமிழில் ஒரு திட்டு. தேரடியில் மட்டும் அது உயிர் காக்கிற வேலை. சுமார் 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித்தேருக்கு வெறும் கட்டை போதாது என்றுதான் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே செய்து கொடுத்தது.

சாமிக்கு இவ்வளவு ஜாக்கிரதை. சரி, சாமி கும்பிடப் போகிற ஆசாமிக்கு?

கேரவன் என்றவுடன் பலருக்கும் சினிமா நடிகர்கள் ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். கேரளா 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. ஆனால் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் நிஜமான கேரவன் வாடகை வேன்தான். தெருக்காரர்கள் சேர்ந்து அறுபடை வீடு கிளம்புவார்கள், அப்படியே ஊட்டியும் பார்த்துவிடலாம் என்பார்கள். மேலே கேரியரில் அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை, பாய், தலையணை. சீட்டுக்கு அடியில் தண்ணீர் கேன்கள். 12 பேர் வண்டியில் 17 பேர் (குழந்தைகள் கணக்கில் வராதாம்!). வீட்டையே ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இப்போது ஒரு சின்ன கணக்கு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் அதைவிட ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே. 5 டன் எடையுள்ள வேன் அந்த உயரத்தை இறங்கும்போது விடுபடுகிற சக்தி, 300 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்கிற பங்கு போக, மீதி அத்தனையும் வெப்பமாக பிரேக்கில்தான் இறங்குகிறது. ஏற்றிய சுமை கூடினால் வெப்பமும் கூடும்.

சூடேறிய லைனிங்குக்குப் பிடிப்பு குறையும். டிரைவர் முன்பைவிட அழுத்தி மிதிப்பார், இன்னும் சூடேறும். பிரேக் ஆயில் கதை தனி. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற சுபாவம் கொண்டது. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் சேர்ந்த பழைய ஆயிலுக்கு அந்த அளவு 140தான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அப்புறம் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. சமவெளியில் மாதக்கணக்காக ஒழுங்காக வேலை செய்த பிரேக், முதல் மலை இறக்கத்தில் கைவிடுவதற்குக் காரணம் இதுதான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'தேய்மானம்' என்ற வார்த்தை நன்றாகத் தெரியும். நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வரலாம். ஆனால் பிரேக் லைனிங் நேர்கோட்டில் தேய்வதில்லை. சென்னை நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓடுவதும், கொண்டை ஊசி வளைவுகளில் 50 கிலோமீட்டர் இறங்குவதும் ஒன்றல்ல. கிலோமீட்டரை மட்டும் பார்த்து லைனிங் மாற்றுகிறவர் கணக்குப் புத்தகத்தில் சரி, மலையில் தப்பு. ரிவெட் வைத்த லைனிங் முழுக்கத் தேய்ந்தால் ரிவெட் டிரம்மை அறுக்கும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை டிரம் மாற்றுவதில் போய் நிற்கும்.

'எஃப்.சி. இருக்கிறதே' என்று சிலர் சொல்வார்கள். வாடகை வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சான்று வாங்கிய நாளில் பிரேக் நன்றாக இருந்தது என்பதற்கு அது அத்தாட்சி. பத்து மாதமும் நாலு மலையும் கழிந்த பிறகு எப்படி இருக்கிறது என்று அந்தக் காகிதம் சொல்லாது.

'டிரைவர் அனுபவசாலி' என்பது அடுத்த சமாதானம். அனுபவசாலி என்றால் ஏறிய கியரிலேயே இறங்குவார், எஞ்சினை வைத்து வண்டியைப் பிடிப்பார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் அனுபவசாலி இல்லை. அவர் மிச்சம் பிடிக்கிற சொற்ப டீசலுக்கு அடமானம் வைப்பது பின்னால் தூங்குகிற 17 உயிர்களை.

30 செப்டம்பர் 2023 அன்று ஊட்டியிலிருந்து தென்காசி மாவட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். எந்த விபத்துக்கு எது காரணம் என்பது விசாரணையின் வேலை. ஆனால் அந்த இறக்கம் வண்டியின் குறையையோ மனிதனின் குறையையோ மன்னிப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். பிரேக் வேலைக்குக் காசு கொடுப்பது வண்டி முதலாளி. கொடுக்காமல் விட்டால் ஆபத்து பயணிக்கும் டிரைவருக்கும். செலவு ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு என்று இருந்தால் செலவு தள்ளிப்போகத்தான் செய்யும். கேட்க வேண்டியவர் வாடகை கொடுக்கிறவர். அவரோ கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைப்பதில்தான் முழு மூச்சாக இருக்கிறார். பட்டுப்புடவை வாங்கும்போது ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிற ஊர் காஞ்சிபுரம். அதே ஊரில் வேன் பேசும்போது கேட்கிற கேள்வி, 'டி.வி. இருக்கா, செட் நல்லா பாடுமா?'

மலைக்குப் போனால் வேன்காரர்கள் 'ஹில் சார்ஜ்' என்று தனியாக வாங்குகிறார்கள். அதைக் குறைக்கச் சொல்லாமல், அதன் பேரில் கேள்வி கேட்பதுதான் புத்திசாலித்தனம். லைனிங் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா? ஒர்க்‌ஷாப் பில் இருக்கிறதா? கிளம்புவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா? பில்லைக் காட்டுகிறவருக்கு நூறு இருநூறு அதிகம் கொடுத்தாலும் தப்பில்லை. நாலு பேர் இப்படிக் கேட்க ஆரம்பித்தால், பராமரிக்கிறவருக்குச் சவாரி கூடும், பராமரிக்காதவர் வழிக்கு வருவார். சட்டம் வந்து செய்ய வேண்டியதை சந்தையே பாதி செய்துவிடும்.

கூடவே, அண்டாவையும் அரிசி மூட்டையையும் இறக்கி வைத்துவிட்டு வழியில் மெஸ்ஸில் சாப்பிட்டால் பிரேக்குக்கும் புண்ணியம், சமைக்கிற பெண்களுக்கும் விடுமுறை :-)