வெளிநாடு கிளம்பும்போது வீட்டு அட்வான்ஸ்: தில்லை நகர்வாசிகள் கவனிக்க வேண்டியது என்ன?

திருச்சி தில்லை நகரில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு சிங்கப்பூரில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் சேர வேண்டும். ஒப்பந்தத்திலோ, ‘காலி செய்ய 2 மாதம் முன்பே சொல்ல வேண்டும்’ என்று இருக்கிறது. வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 75,000 ரூபாய். கையில் எவ்வளவு திரும்ப வரும்?

இன்றே சொன்னாலும் 2 மாத வாடகையான 30,000 ரூபாய் அவர் பொறுப்புதான். கடைசி மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலும் இதே கணக்கு. மீதி 45,000 ரூபாயில் பெயின்ட், கரன்ட் பில் என்று கழிவுகள் ஆரம்பிக்கும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆனால், ‘ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை’ என்று ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. 5 மாதம், 10 மாதம் என்று வாங்குவது அந்த வழியாகத்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சிக்கலே அங்கேதான். அந்த ஒரு மாதம் முடியும்போது வாடகைதாரர் நாட்டிலேயே இருக்க மாட்டார். வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் எல்லாம் இருந்தும், சில ஆயிரம் ரூபாய்க்காக யார் விமானம் ஏறி வரப்போகிறார்கள்? ஒப்பந்தத்தைப் பதிவே செய்யாமல் இருந்தால் கேட்பது இன்னும் கஷ்டம்.

அதனால், ‘கடைசி ரெண்டு மாசத்தை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க’ என்று முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் பாதுகாப்பு. வாய்ப்பேச்சு போதாது, உரிமையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பிலாவது ‘சரி’ என்று வாங்கிக்கொள்வது நல்லது. கேட்காமல் வாடகையை நிறுத்தினால் அது பாக்கி.

லீஸுக்கு இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பவர்களிடம், ‘அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்’ என்பதுதான் வழக்கமான பதில். பணம் கைக்கு வருவதும் சாவி கை மாறுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். அதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருந்தால், நம்பகமான உறவினருக்குப் பவர் எழுதிக் கொடுத்து சாவியை அவரிடம் விட்டுப்போகலாம்.

அவர் போய் இறங்கும் சிங்கப்பூரில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. 2 ஆண்டு வாடகை ஒப்பந்தங்களில் ‘டிப்ளமேடிக் கிளாஸ்’ என்ற பிரிவைச் சேர்ப்பது அங்கே சகஜம். வேலை போனாலோ, வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, பெரும்பாலும் முதல் 12 மாதம் கழிந்த பிறகு 2 மாத நோட்டீஸில் வெளியேறலாம். இங்கேயும் அப்படி ஒரு வரியை எழுதச் சட்டத்தில் தடை இல்லை. கையெழுத்துப் போடும் நாளில் கேட்பதற்குத்தான் பலருக்குத் தயக்கம்.

வங்கிக் கணக்கு இன்னொரு விஷயம். வேலைக்காக வெளிநாடு போனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். திரும்ப வரும் அட்வான்ஸை அதில்தான் வாங்க வேண்டும். என்ஆர்இ கணக்கில் உள்ளூர் ரூபாயைப் போட முடியாது. எந்தக் கணக்கு என்பதை உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கிளம்பும் நாளில் மின் மீட்டர் ரீடிங்கையும் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடலாம். தமிழ்நாட்டில் கரன்ட் பில் 2 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், அந்த ரீடிங் இல்லாவிட்டால் அடுத்து குடிவருபவர் ஓட்டிய ஏசிக்கும் சேர்த்துக் கழிக்கப்படலாம்.