அந்த ஹெரால்டை நிறுத்தி வைக்காதீர்கள், ஓட விடுங்கள்



பத்து நாளாக நம் பழைய மாணவர் குழுவில் அந்தக் காரைப் பற்றித்தான் பேச்சு. ஆளாளுக்கு ஒரு யோசனை. "சார், நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்று மூன்று பேர் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள். குழுவில் சொன்னால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், டீயோடு உட்காருங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்கு: 1989ல் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்த மாணவர் ஒருவரின் குடும்பத் தோட்டம் ஆத்தூர் பக்கம் இருக்கிறது. பாகப்பிரிவினைக்காக வைக்கோல் கொட்டகையைக் காலி செய்தபோது, தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று கிடைத்தது. அவருடைய பெரியப்பா ஓட்டிய கார். பின் சீட் இல்லை. டிரைவர் தலைக்குப் பின்னால் வளைத்த இரும்புக் குழாய் ஒன்று போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. ஒரு கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. கதவில் வெள்ளை வட்டம், அதற்குள் பாதி அழிந்த எண். சோழவரத்தில் பந்தயம் ஓடிய கார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பெரிய அண்ணன் விற்கலாம் என்கிறார். சின்னத் தம்பி புதிதாக மிட்டாய் சிவப்புப் பெயிண்ட் அடித்து, தன் பிரியாணிக் கடை வாசலில் நிறுத்தலாம் என்கிறார். நடுவில் உள்ளவர்தான் என் மாணவர். அவருக்கு அதை மறுபடி பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நான் நடுவில் உள்ளவர் பக்கம். மாணவர் என்பதற்காக அல்ல. இயற்பியலில் அவர் வாங்கிய மார்க் அப்படியொன்றும் பெருமையாக இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

"ஹெரால்டு எல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா சார்? டாக்டர் வீட்டுக் கார்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1959ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அந்தக் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஒரே துண்டாக பாடி செய்ய ஆள் இல்லை. அதனால் பழைய முறைப்படி தனி சேஸ் போட்டு, அதன் மேல் துண்டு துண்டாகப் பாடியை போல்ட் வைத்து முடுக்கினார்கள். அந்தச் சங்கடம்தான் நமக்கு வரமாக வந்தது. துண்டுகளாகக் கப்பலில் ஏற்றி இங்கே பூட்டலாம் அல்லவா? வண்டலூர் தொழிற்சாலையில் 1961லிருந்து ஏறக்குறைய பத்து வருடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக அது வந்தது. 948 சிசி எஞ்சின். பானெட்டும் முன் மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் திறக்கும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம்.

அதே சேஸைக் குட்டையாக்கி, அதே வகை எஞ்சினைக் கொஞ்சம் பெரிதாக்கி, இரண்டு கார்புரேட்டர் வைத்து, மேல்கூரையைக் கழற்றினால் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962ல் வந்தது. 1965ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பில் முதலிடம் பிடித்தது. ஆக நம் ஹெரால்டு அந்த ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறந்த அக்கா. இங்கே ஸ்பிட்ஃபயர் வாங்க வழியில்லாதவர்கள் அக்காவையே தங்கையாக்கப் பார்த்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. அந்த ஸ்பிட்ஃபயரே ஒரு கண்டெடுத்த கார்தான். மிக்கெலோட்டி மாதிரிக் காரைச் செய்து கொடுத்தபோது கம்பெனியிடம் பணம் இல்லை. மூலையில் தள்ளி வைத்துவிட்டார்கள். 1961ல் லேலண்டு கம்பெனி (நம் அசோக் லேலண்டு பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்த அதே லேலண்டு) ஸ்டாண்டர்டு டிரையம்பை வாங்கியது. புது முதலாளிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கும்போது தூசித் துணிக்குக் கீழே அது நின்றுகொண்டிருந்தது. அவர்கள் அதைத் துடைத்துக் கண்ணாடிக் கூண்டில் வைக்கவில்லை. செய்து ஓட்டுங்கள் என்றார்கள்.

சோழவரம் பற்றி இளையவர்களுக்குத் தெரியாது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுதளம். 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருடா வருடம் பந்தயம் நடத்தியது. நான் சைதாப்பேட்டையில் பி.எட். படித்த வருடம் நண்பர்களோடு ஒருமுறை போனேன். வெயில், புழுதி, காதைப் பிளக்கும் சத்தம். ஃபியட்டும் அம்பாசடரும் ஹெரால்டும் உருமிக்கொண்டு வந்தன. தெருவில் பார்த்த அதே கார்கள்தான். ஆனால் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து டயர் கதறும்போது வேறு பிராணி மாதிரி இருந்தன. ஒரு ஹெரால்டின் பின் சக்கரம் வளைவில் எப்படி மடங்கியது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பிறகு முப்பது வருடம் வகுப்பில் அதைச் சொல்லி ஓட்டினேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறந்த பிறகு சோழவரம் ஓய்ந்துபோனது.

இங்கிலாந்தில் குட்வுட் என்று ஒரு இடம். அதுவும் போர்க்கால விமானத் தளம்தான். அதைச் சுற்றியிருந்த சாலையில் 1948லிருந்து 1966 வரை பந்தயம் நடந்தது, பிறகு மூடிவிட்டார்கள். 1998ல் மறுபடி திறந்து, அந்தக் காலத்துக் கார்களை மட்டும் வைத்து ஆண்டுதோறும் பந்தயம் நடத்துகிறார்கள். விலைமதிப்பில்லாத கார்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. திங்கட்கிழமை தட்டி நிமிர்த்திக்கொள்கிறார்கள். நம் ஊரில் பழைய கார் என்றால் என்ன செய்கிறோம்? மாலை போட்டு ஊர்வலம் விடுகிறோம். மணமக்களை ஏற்றுகிறோம். இருபது கிலோமீட்டர் வேகத்தில் கடற்கரைச் சாலையில் போய் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பந்தயக் குதிரையை வாங்கிக் கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்ட கதைதான் அது.

"பழமை கெட்டுவிடுமே, எல்லா பாகத்தையும் மாற்றினால் அது அதே காரா?" என்று நம் சரித்திர ஆசிரியர் கேட்டிருந்தார். ஐயா, தேரைப் பாருங்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. அதற்குப் பிறகு யாராவது "இது பழைய தேர் இல்லை" என்று வடத்தை விட்டுவிட்டுப் போனார்களா? ஓடினால்தான் தேர். பந்தயக் காரும் அப்படித்தான். அது ஓடிய காலத்திலேயே வாரத்துக்கு ஒரு பாகம் மாறியிருக்கும்.

அதற்காக இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று அர்த்தமில்லை. பின் சீட்டை மறுபடி வைத்து "ஒரிஜினல்" ஆக்காதீர்கள். பெரியப்பா எடுத்த சீட் அது. எடுத்ததுதான் இந்தக் காரின் சரித்திரம். கதவில் இருக்கும் அந்த அழிந்த எண்ணின் மேல் ஒரு சொட்டுப் பெயிண்ட் விழக்கூடாது. சர்வதேச அளவில் பழைய கார்ப் பந்தயத்துக்கு எஃப்.ஐ.ஏ. வைத்திருக்கும் விதியும் ஏறக்குறைய இதேதான்: கார் அந்தக் காலத்தில் எப்படி ஓடியதோ அப்படி இருக்க வேண்டும், உயிர்காக்கும் சாமான்கள் மட்டும் இந்தக் காலத்துக்கு ஏற்றபடி.

இப்போது கொஞ்சம் பாடம். இதைத் தாண்டிப் போகாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

எழுந்து நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் விரியுங்கள். உங்கள் உடம்புதான் டிஃபரென்ஷியல். கைகள் இரண்டும் அரை ஆக்சில்கள். கை நுனியில் சக்கரம். கை தோளில் மட்டும் மடங்கும், மணிக்கட்டில் மடங்காது. ஹெரால்டின் பின்பக்கம் இதுதான். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், எடை முன்னால் சாயும், பின்பக்கம் எழும்பும். உடம்பு எழும்பினால் கைகள் தொங்கும். சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கும். டயரின் ஓரம் மட்டும் தரையைத் தொடும். பிடிப்பு போய்விடும், பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். 1970ல் வந்த ஸ்பிட்ஃபயரில் பின் ஸ்பிரிங் பொருத்தும் விதத்தையே மாற்றி இதைக் குறைத்தார்கள். நம் ஸ்டாண்டர்டு கம்பெனி 1972ல் கெசல் காரைக் கொண்டு வந்தபோது இந்த அமைப்பையே தூக்கிவிட்டு, சாதாரண ஒற்றை ஆக்சில் போட்டது.

ஆகவே தம்பி, எஞ்சினை முறுக்குவதற்கு முன்னால் பின்பக்கத்தைச் சரி செய். உயரத்தைக் குறை. பட்டை ஸ்பிரிங்கைப் புதிதாக அடி. பிரேக் நான்கும் டிரம். உள்ளே வீல் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும், பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சும் ஜாதி. பெட்ரோல் குழாய், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் எல்லாம் மாற்று. இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது தின்றுவிடும். பேட்டரியை மாட்டி உடனே செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் விட்டு ஒரு வாரம் ஊறட்டும். பிறகு கையால் சுற்று. பெரியப்பாவின் அந்த ஒற்றைக் குழாயை நம்பித் தடத்தில் இறங்காதே. அதை அப்படியே வைத்துக்கொண்டு, போல்ட் போட்டுக் கழற்றும்படியான முழுக் கூண்டும் பெல்ட்டும் போடு.

கழற்றும்படி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு "வி.ஏ." என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் சேஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது என்ற அளவில்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. சேஸை வெட்டினால் இந்த வழி அடைபடும். மூடிய தடத்தில் ஓட்டுவது வேறு கணக்கு.

அடுத்து, "இந்தப் பணத்துக்கு நாலு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டலாமே" என்று நம் தங்கை ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன் வாங்கியோ, அண்ணன் தம்பி பங்கைக் குறைத்தோ இதைச் செய்தால் நானே எதிர்ப்பேன். நியாயமான விலை போட்டு அவர்கள் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் இதில் இன்னொரு படிப்பும் இருக்கிறது, அம்மா.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் திண்டுக்கல்லில் ஹெரால்டு வைத்திருந்தவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். கார்புரேட்டரில் ரப்பர் குழாயை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டே இரண்டையும் ஒரே மூச்சில் இழுக்க வைப்பார். போன வாரம் காரைப் பார்க்க அவரைக் கூட்டிப் போனோம். பானெட்டைத் திறந்ததும் பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "வால்வு கேப் யாருடா வச்சது, நல்லா வச்சிருக்கான்" என்றார். அவர் கையில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருக்குப் பிறகு அது இல்லை. இந்தக் கார் விற்றுப்போனாலும் சரி, பிரியாணிக் கடை வாசலில் நின்றாலும் சரி, அவரிடமிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அதை ஓட வைக்க வேண்டும் என்றால்தான் நான்கு பாலிடெக்னிக் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருவார்கள்.

நாம் ஒன்றும் கைவேலை தெரியாத ஊர்க்காரர்களும் இல்லை. கதவுப் பூட்டுக்குச் சாவி இல்லையாம். அதற்குக் கோயம்புத்தூருக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்கிறார்! 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம்முடையது. அரம் பிடித்துச் சாவி ராவும் கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. தோல் பதனிடும் ஊரில் இருந்துகொண்டு சீட் தைக்க ஆள் தேடுவானேன்? 1961ல் லூகாஸ் டிவிஎஸ், 1962ல் பிரேக்ஸ் இந்தியா என்று சென்னைப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தது, இந்த மாதிரி வண்டிகளுக்கு இங்கேயே சாமான் செய்யத்தான். இன்று உலகத்துக்கே பாகம் அனுப்புகிறோம். அந்தத் தொழில் நடை பழகிய காலத்து வண்டி ஒன்று, அதுவும் வேகமாக ஓடிய ஒன்று, ஓடும் நிலையில் இருக்க வேண்டாமா?

இருங்காட்டுக்கோட்டையிலும், கரிவர்தன் பெயரில் உள்ள கோவைத் தடத்திலும், பந்தய நாட்களில் ஒரு அரை மணி நேரத்தை இந்தியாவில் செய்த பழைய கார்களுக்கு ஒதுக்கினால் போதும். கொட்டகையில் தூங்கும் இன்னும் பல கார்கள் தானாக வெளியே வரும். கிளப்புகளில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்கள் இருவர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

அண்ணனும் தம்பியும் தீபாவளி வரை பொறுத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஹெட்டைக் கழற்றுகிறோம். பெரியவரும் வருகிறார். வேடிக்கை பார்க்க வருபவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய ஒர்க்‌ஷாப்பிலோ ஹெரால்டு டிஃபரென்ஷியல், ஆக்சில் ஜாயிண்ட், முன் லைட் வளையம், எது கிடந்தாலும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சோழவரத்தில் எடுத்த பழைய போட்டோ யாரிடமாவது இருந்தால் அதையும் தேடுங்கள். கதவில் இருப்பது 17ஆ 77ஆ என்று இன்னும் தெரியவில்லை.