எந்த டாக்டரிடம் போவது?

தரையில் உட்கார்ந்து விளையாடும் ஐந்து வயதுப் பையனை, "எழுந்து வாடா ராசா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். துள்ளி எழுந்து ஓடி வருவான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளிலே ஒரு பிள்ளை மட்டும் அப்படி வருவதில்லை. அது முதலில் குப்புறத் திரும்பும், இரு கையையும் தரையில் ஊன்றும், இடுப்பை உயர்த்தும், ஒரு கையை முழங்காலில் வைக்கும், மறு கையைத் தொடையில் வைக்கும், பனையைப் பற்றி ஏறுகிறவன் போலத் தன் காலையே பற்றித் தன்மேலேயே ஏறி, மெல்ல நிமிர்ந்து நிற்கும். நின்றதும் சிரிக்கும். அதற்குத் தெரியாது, அதன் சதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறதென்று.

இப்படி எழும் முறையை லண்டன் டாக்டர் கௌவர்ஸ் 1879-ல் எழுதி வைத்தார். அவருக்கு முன்பே, 1868-ல், பாரிசில் டுஷேன் என்பவர் இந்நோயின் குறிகளை ஒவ்வொன்றாக விவரித்துவிட்டார். நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான்: டுஷேன் தசைச் சிதைவு நோய். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், காசு வேண்டாம், பார்க்கிற கண் இருந்தால் போதும் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே உலகுக்குச் சொல்லியாயிற்று. சொல்லி என்ன? நம் ஊரில் அந்தக் கண் எந்த ஆஸ்பத்திரியில், எந்த அறையில், எந்தக் கிழமையில் இருக்கிறது என்பதைத் தேடித்தானே ஏழைத் தகப்பன் தெருத் தெருவாக அலைகிறான்!

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒரு தோழரை எண்ணிப் பாருங்கள். பெயர் எதற்கு? இவர் ஒருவரல்லர், இவரைப் போல் பலர். பையன் சற்றுத் தாமதித்து நடந்தான். மூன்று வயதில் அடிக்கடி விழுந்தான். படியேறக் கை கேட்டான். குதிகால் தரையில் படாமல் விரலூன்றி நடந்தான். ஆனால் கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டு, பயில்வானின் கால் போல! "கபடிக்கு ஆகும் காலப்பா இது" என்று பக்கத்துத் தறிக்காரர் தட்டிக் கொடுத்தார். அந்தத் திரட்சி வலுவன்று. சதை அழிந்த இடத்தில் கொழுப்பும் நாரும் குடியேறியதால் வந்த வீக்கம். இது எவருக்கும் தெரியாது.

முதல் டாக்டர் டானிக் எழுதினார். இரண்டாமவர் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார். அடுத்தவர் எலும்பு டாக்டர். காலுக்குப் பட்டை வைத்த ஜோடு எழுதினார். இடையிலே கட்டு வைத்தியரிடம் எண்ணெய், குலதெய்வத்துக்குக் கிடா. சுவரெல்லாம் "நரம்புத் தளர்ச்சி" என்று விளம்பரம் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த லாட்ஜ் வைத்தியர் ஒருவரிடமும் ஒரு சனிக்கிழமை போய் வந்தார். 'நரம்பு டாக்டரைப் பாருங்கள்' என்று யாரோ சொன்னதை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். சிரிக்கலாம், ஆனால் குற்றம் அவருடையதா? ஒவ்வொரு படிக்கும் ஒரு ஷிப்டுக் கூலி போயிற்று. மூன்றாவது ஆண்டில் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஏறிற்று.

பிறகு ஒரு டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் எகிறி நின்றன. "ஈரல் கெட்டிருக்கிறது" என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மாதங்கள் போயின, எண் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? அந்த இரண்டு பொருளும் ஈரலில் மட்டும் இல்லை, சதையிலும் இருக்கின்றன. சதை சிதைந்தால் அங்கிருந்தும் ரத்தத்தில் ஒழுகும். ஈரல் திடமாக இருக்கிறது. ஆனால் வைத்தியம் ஈரலுக்கு நடக்கிறது! மேல்நாட்டிலேயும் இதே மயக்கத்தால் ஈரலில் ஊசி போட்டுச் சதைத் துணுக்கெடுத்துப் பார்த்த சம்பவங்கள் உண்டு. அந்தச் சமயத்தில் கூடவே ஒரு சோதனை - சி.கே. என்பார்கள், கிரியேட்டின் கைனேஸ் - எழுதியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். நூறு, இருநூறு என்று நிற்கவேண்டிய அந்த எண் இப்பிள்ளைகளுக்குப் பத்தாயிரத்தையும் தாண்டும். வெளியே சில நூறு ரூபாயில் செய்கிற சோதனை அது.

ஆண்டுகள் வீணானதால் பையனுக்கு மட்டுமா நஷ்டம்? இல்லை, தோழர்களே. இதுதான் நெஞ்சைப் பிளக்கும் இடம். மூத்தவனுக்கு நோயின் பெயர் தெரியுமுன், இளையவன் பிறந்துவிடுகிறான்.

இது தாய் வழியாக வரும் மரபு நோய். நோய்க் குறை உள்ள மரபணுவைத் தாய் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு; ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் தாயைப் போலவே அதைச் சுமக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தவனின் நோய் இன்னதென்று தெரிந்து, மரபணுச் சோதனையும் முடிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் மூன்றாம் மாதம் வாக்கிலேயே கருவைச் சோதித்து அறிய வழியுண்டு. அறிந்தபின் என்ன செய்வதென்பது அந்தத் தாய் தகப்பனின் முடிவு. ஆனால் முடிவு செய்யும் உரிமையையே அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது நமது தாமதம். வீட்டிலே இரண்டு சக்கர நாற்காலிகள். வீடோ பத்தடிக்குப் பத்தடி!

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் இது நடக்கிறது. "உன் வழி வந்த சீக்கு" என்று மருமகளைக் குத்துகிறார்கள். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு இக்குறை தாயிடமிருந்து வந்ததே அன்று, புதிதாக ஏற்பட்டது. தாயிடமிருந்து வந்திருந்தாலும் அவள் என்ன, சந்தையில் வாங்கியா வந்தாள்? அவளும் சுமந்தவள்தான், அவள் இருதயத்தையும் அவ்வப்போது சோதிக்கவேண்டும் என்பதுதான் மருத்துவம் சொல்வது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பதும் டுஷேன் நோய்க்குப் பொருந்தாது. தோளையும் இடுப்பையும் முதலில் பிடிக்கும் வேறு சில தசை நோய்களுக்கு, மாமன் மகள், அக்காள் மகள் என்று முடிக்கும் நம் வழக்கம் காரணமாவதுண்டு. எது எந்த நோய் என்று பிரித்துச் சொல்லத்தான் நிபுணர் வேண்டும் என்கிறோம்.

நோய் என்ன செய்கிறது? சதை இழையின் உள்கட்டையும் வெளித்தோலையும் பிணைத்து நிற்க டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இருக்கிறது. லாரிக்கு ஸ்பிரிங் பட்டை எப்படியோ அப்படி. பட்டையில்லாத லாரி குழிக்குக் குழி அதிர்ந்து உடைவதுபோல, அந்தப் புரதமில்லாத சதை அசைவுக்கு அசைவு கிழிகிறது. பாஸ்டனில் குன்கெல் என்பவரின் குழு 1986-ல் மரபணுவையும் 1987-ல் புரதத்தையும் கண்டது. 3,500 முதல் 5,000 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நோய். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. பாதி ஆண்கள் என்று கணக்குப் போட்டால் ஆண்டுதோறும் சுமார் நூறு பிள்ளைகள். அரிய நோயாம்! நூறு வீடு அரிதா?

"மருந்தில்லாத நோய்க்கு நிபுணர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களை நியூகாசிலுக்கு அழைத்துப் போகிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கே, நிலக்கரிக்கும் கப்பல் கட்டும் தொழிலுக்கும் பேர்பெற்ற ஊர். அங்குள்ள தசை நோய் மருத்துவமனை தன்னிடம் வந்த பிள்ளைகளின் கணக்கை 2002-ல் வெளியிட்டது. 1960-களில் இப்பிள்ளைகள் இறந்த சராசரி வயது 14.4. 1990-க்குப் பின் இரவில் சுவாசக் கருவி பெற்றவர்களுக்கு 25.3. பதினோரு ஆண்டுகள்! எந்த மாய மருந்தாலும் அன்று. ஒரே இடத்தில், ஒரே குழு, பையனைத் தவறாமல் பார்த்தது. மூச்சு குறைவதை முன்கூட்டியே அளந்தது. கருவியைக் காலத்தில் கொடுத்தது. அவ்வளவே.

மாத்திரையும் இல்லாமலில்லை. பிரட்னிசோலோன் வகை ஸ்டீராய்டு பிள்ளையின் சதை வலுவைக் கூட்டும் என்று காட்டிய பெரிய சோதனை 1989-லேயே வெளிவந்துவிட்டது. கால் முற்றிலும் ஓயுமுன் தொடங்கினால் சக்கர நாற்காலி இரண்டு மூன்று ஆண்டாவது தள்ளிப் போகும். சில்லறைக் காசு மாத்திரை அது; ஆனால் எடை ஏறும், எலும்பு மெலியும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அளவு பார்த்துக் கொடுக்க அறிந்தவர் வேண்டும். இருதயம் தளருமுன் காக்க, ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில் போன்ற மாத்திரைகள், ஆண்டுதோறும் எக்கோ. அறுவை வந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரை முன்கூட்டிச் சொல்லவேண்டும். வழக்கமான சில மயக்க மருந்துகள் இப்பிள்ளைகளின் இருதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

டில்லி என்ன செய்தது? 2021-ல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. டுஷேன் நோயை மூன்றாம் தொகுதியில் வைத்தார்கள். அந்தத் தொகுதிக்கு அன்று பணம் கிடையாது. தருமவான்கள் போடட்டும் என்று இணையத்தில் ஓர் உண்டியல் வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்தபின், 2022 மே மாதம், எல்லாத் தொகுதிக்கும் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை என்று திருத்தினார்கள். பெரிய தொகைதான். ஆனால் அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற மரபணு மருந்தின் விலை ஒரு பிள்ளைக்கு 32 லட்சம் டாலர்! அதைப் பெற்றவர்களில், நடக்க இயலாத நிலையிலிருந்த இரு சிறுவர்கள் ஈரல் செயலிழந்து 2025-ல் மாண்டதும் நினைவிருக்கட்டும். கோடிகளைப் பற்றி நீதிமன்றத்தில் வாதம் நடக்கட்டும், நடக்கவும் வேண்டும். அதற்காகச் சில நூறு ரூபாய்ச் சோதனையைக் காக்க வைப்பானேன்?

சரி, எங்கேதான் போவது? எலும்புப் பிரிவுக்கல்ல, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்கு. சிறு பிள்ளையென்றால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. மேற்சொன்ன கொள்கையின் கீழ் உயர் சிறப்பு மையமாக அது சேர்க்கப்பட்டிருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்சிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தசை நோய் அறிந்தவர்களும் மரபணுப் பிரிவும் உண்டு. போகும்போது பழைய ரத்தச் சீட்டு முழுவதையும் கொண்டுபோங்கள்; பையன் தரையிலிருந்து எழுவதைச் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்; தாய் வழியில் சிறுவயதில் படுத்து இறந்த மாமன் உண்டா என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "சி.கே. பார்த்தீர்களா, அய்யா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஏற்ற 21 குறைபாடுகளில் தசைச் சிதைவும் ஒன்று. தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகையும் மின்கல நாற்காலியும் கேட்டுப் பெற உரிமை உண்டு. இதுவெல்லாம் கருணையன்று.

ஆயினும் வழி சொல்லிவிட்டால் ஆயிற்றா? எழும்பூருக்கு இரவு ரயில் ஏறி, நோயுற்ற பிள்ளையைத் தோளில் சுமந்து, இரண்டு நாள் கூலி இழந்து எத்தனை முறை வருவார் அந்தத் தோழர்? கோட்டையை நாம் கேட்பது பெரிதன்று. தாலுகா ஆஸ்பத்திரிகளில் சி.கே. சோதனை இலவசமாகக் கிடைக்கட்டும். எஸ்.ஜி.பி.டி. ஏறிய ஒவ்வொரு பையனுக்கும் அதைச் சேர்த்துப் பார்க்க உத்தரவு போகட்டும். மருத்துவக் கல்லூரிதோறும் மாதத்தில் ஒரு நாள், நரம்பியல், இருதயம், மூச்சு, பயிற்சி சிகிச்சை நால்வரும் ஒரே அறையில் உட்காரும் தசை நோய் நாள் என்று பலகை தொங்கட்டும். 2013 முதல் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பிள்ளைகளைச் சோதிக்கக் குழுக்கள் போய்வருகின்றனவே. அவை எடையும் உயரமும் பார்க்கிற நேரத்தில், பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லிப் பார்க்கட்டும். அரை நிமிடம் ஆகுமா?

பள்ளிபாளையத்துப் பையனுக்கு இப்போது எட்டு வயது. நோயின் பெயர் போன மாதம்தான் தெரிந்தது. இளையவனுக்கு மூன்று வயது. அவனும் படியேறக் கை கேட்கிறான். குமாரபாளையத்தில் இருக்கும் கொழுந்தியாள் முழுகாமல் இருக்கிறாள், இரண்டாம் மாதம். அவளையும் சோதிக்கவேண்டுமென்று அந்த வீட்டுக்கு இன்னும் எவரும் சொல்லவில்லை.